நடு உடம்பில் வாய்

1871 டிசம்பரில் சூரிய கிரகணத்தை ஆராய இலங்கைக்கு வந்த ஆங்கிலேயக் குழுவில் ஹென்றி மோஸ்லி என்ற இளம் இயற்கையியலாளரும் இருந்தார். கிரகணம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அவருக்கு நீண்ட நாள் வேலை வைத்தவை அங்கே ஈரத் தரையில் ஊர்ந்த நிலத் தட்டைப்புழுக்கள். அவற்றை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, உடற்கூற்றை 1874இல் விரிவாக எழுதினார். லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் கிடைத்த புழுவுக்கு 1878இல் பைபாலியம் கீவென்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே. ஆனால் அதற்குப் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. தொட்டிச் செடிகளின் மண்ணோடு சீமைக்குப் போயிருக்கிறது. இன்று வெப்பமான நாடுகள் பலவற்றில் அது உண்டு.

மண்வெட்டி இலைபோல அகன்ற தலை, முதுகில் நீளவாட்டில் ஓடும் கறுப்புக் கோடுகள், 20 சென்டிமீட்டரையும் தாண்டும் உடல். தலையின் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கண்கள். அவற்றால் உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். இரையைக் கண்டுபிடிப்பது விளிம்பிலுள்ள நுண்குழிகளின் வேலை. அதனால்தான் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே ஊர்கிறது.

தலையில் வாயைத் தேட வேண்டாம். அது வயிற்றுப்புறத்தின் நடுவில் இருக்கிறது. மண்புழு அகப்பட்டால் தட்டைப்புழு அதன்மேல் ஏறிக் கோழையால் ஒட்டிப் பிடிக்கும். பிறகு வாய்க்குள்ளிருந்து வெளிறிய தொண்டைக்குழல் வெளியே வந்து, இரைமேல் படர்ந்து, செரிமான நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சும். சாப்பாடு பாதி உடம்புக்கு வெளியிலேயே செரித்துவிடுகிறது! பஃபர் மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இந்தப் புழுவிலும் இருப்பது 2014இல் தெரியவந்தது. வெறுங்கையால் தொடாமலிருப்பது நல்லது.

உள்ளே போன உணவுக்கு மூன்று வழி: குடலின் ஒரு கிளை தலைப்பக்கம், இரண்டு வால்பக்கம். மலவாய் கிடையாது; எச்சமும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இதயம், இரத்தம், நுரையீரல் எதுவும் இல்லை. ஆக்சிஜன் தோல்வழியே ஊறி ஒவ்வொரு செல்லையும் எட்டியாக வேண்டும், உடம்பு தட்டையாக இருப்பது அதற்குத் தோது. காய்ந்துபோனால் உயிர் போய்விடும் என்பதால்தான் இவை மழைக்காடுகளில் இத்தனை வகையாகப் பெருகியிருக்கின்றன.

மூன்று கிளைக் குடலை வைத்தே இவற்றை முக்கிளைக் குடலிகள் என்ற வரிசையில் சேர்த்தார்கள். அதில் நிலத்தில் வாழ்பவை ஜியோபிளானிடே குடும்பம். 900க்கும் அதிகமான இனங்கள். அகன்ற தலையைக் கண்டால் பைபாலியக் கூட்டம் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். அதற்கு மேல் போவது கஷ்டம். கோடும் நிறமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். இனத்தை உறுதிசெய்ய, ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் சேர்ந்திருக்கும் பகுதியைச் சீவல் சீவலாக வெட்டி அடுக்கிப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் கீவென்ஸ் காலை வாருகிறது. புதிதாகப் போய்க் குடியேறிய இடங்களில் அது பெரும்பாலும் முட்டைக்கூடு இடுவதில்லை. வால்நுனியை எதிலாவது ஒட்டிவிட்டு முன்னே இழுத்துக்கொண்டு போய்விடும். அறுந்த துண்டு தனியாக ஊரும், பத்து நாளுக்குள் அதில் தலை முளைக்கத் தொடங்கும். இப்படிப் பெருகிய புழுக்களில் முதிர்ந்த இனப்பெருக்க உறுப்பு அகப்படுவதே அபூர்வம். எனவே இப்போது வகைப்பாட்டாளர்கள் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் கண்டதும் மண்வெட்டியால் கொத்துபவர்கள் ஒன்றைப் பலவாக்கிவிடவும் கூடும்.