கணக்கில் வராத சிறார்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, 20 வயது நிறைந்தோரை மட்டுமே கணக்கிட்டது. இளையோருக்கென அக்கழகம் 2006-இல் தனிப் பதிவேடு தொடங்கியது. ஆயினும் அதில் இடம்பெறுவோர் சிகிச்சை மையங்களை அடைந்தவர்களே.

ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவரின் மகள் வேலூர் மருத்துவமனையை அடைந்தால் பதிவு பெறலாம். வாந்தியும் மூச்சிரைப்பும் வேறு நோயெனக் கருதப்பட்டு, முதல் வகை நீரிழிவு கண்டறியப்படாமலே இறந்தால், எந்த ஏட்டிலும் இராள்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: எண்ணப்படாத தேவைக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. இன்சுலினையே நம்பி வாழும் சிறாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, இத்தகைய அறிகுறிகளுடன் வரும் சிறாருக்கு விரல்நுனிக் குருதியில் சர்க்கரையைச் சோதித்து, முடிவை வசிப்பிடத்துடன் பதிய வேண்டும். உண்மையான கணக்கு அங்கேதான் தொடங்கும்.