கல்லின் பெயரால் குறையும் பொன்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடை முடியும் வேளையில் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலையும் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கும் இத்தகைய நெருக்கடிகளில் கைகொடுப்பது வீட்டிலுள்ள நகைதான். அந்த நகை கல் பதித்ததாக இருந்தால் மதிப்பீடு எப்படியெல்லாம் மாறும் என்பதை, திருவொற்றியூர்வாசியான நான் என் தாயாரின் சிவப்புக்கல் அட்டிகையை விற்கச் சென்றபோது அறிந்தேன்.

அட்டிகையின் மொத்த எடை 32 கிராம். முதலில் சென்ற கடையில், “எல்லாம் கண்ணாடிக் கல்” என்றார்கள். கல்லுக்கும் அரக்குக்குமாக 9 கிராம் கழித்து, மிச்சத்துக்கே விலை என்றார்கள். அடுத்த கடைக்காரரோ, “பர்மா மாணிக்கம், விற்றுவிடாதீர்கள்” என்றார். கையோடு, இதற்குப் பொருத்தமான தோடு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும் எடுத்துக் காட்டினார். முன்னவர் எங்களிடம் வாங்க நினைத்தவர். பின்னவர் எங்களுக்கு விற்க நினைத்தவர். கல் ஒன்றுதான்.

பிறகு, ஆசாரி ஒருவரிடம் எங்கள் கண்முன்னே கற்களைக் கழற்றி, இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திக் கொடுத்தோம். அவை கண்ணாடியும் அல்ல, பர்மா மாணிக்கமும் அல்ல. செயற்கை மாணிக்கம் என்று அறிக்கை வந்தது. அதைவிட முக்கியமானது, கல்லும் அரக்கும் சேர்ந்தே 6 கிராம்தான் இருந்தன. முதல் கடையில் விற்றிருந்தால், கல்லின் பெயரால் 3 கிராம் பொன்னை இழந்திருப்போம்.

“என் மாமியார் காலத்து நகை, அதில் எப்படிச் செயற்கைக் கல்?” என்று தாயார் கேட்டார். பழைய கல் என்றாலே அசல் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக உண்டு. ஆனால், பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் வெர்னுய், அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இலேயே வெளியிட்டுவிட்டார். அப்படி வளர்ந்த கல்லும் சுரங்கத்தில் கிடைத்த கல்லும் வேதியியல்படி ஒன்றே. வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழ்களும் நுண்ணோக்கியில்தான் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். வைரத்திலும் இதே நிலைதான். கடைகளில் கல்லின் மீது வைத்துக் காட்டும் பேனா போன்ற கருவி, வெப்பம் கடத்தும் தன்மையை அளப்பது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அது ‘வைரம்’ என்றே சொல்லும். நிறத்தை மட்டும் நம்பினால் அரண்மனையும் ஏமாறும். பிரிட்டன் மணிமுடியில் பதித்த ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் மாணிக்கமே அல்ல. ஸ்பினல் என்ற வேறு கல்.

‘ஹால்மார்க்’ இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அந்த முத்திரையும் ஆறு இலக்கக் குறியீடும் பொன்னின் தூய்மைக்கு மட்டுமே உறுதி. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. கடன் வாங்கும்போதும் கல்லுக்கு மதிப்பில்லை. 2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பொன்னின் மதிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும். அதோடு, கடன் பெறுபவரின் முன்னிலையில் மதிப்பிட்டு, மொத்த எடை, நிகர எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்த எடை ஆகியவற்றைச் சான்றிதழில் எழுதித் தரவும் வேண்டும். இந்த நெறிமுறைகள் தெருமுனை அடகுக் கடைகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அவை 1943ஆம் ஆண்டின் அடகுக் கடைக்காரர்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அவசரத்துக்கு நம் மக்கள் முதலில் ஏறும் படியோ அந்தக் கடைகளின் படிதான்.

எனவே, சில எச்சரிக்கைகள் தேவை. வாங்கும்போது பொன்னின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை, அது இயற்கையா செயற்கையா என்ற விவரம் ஆகியவற்றை ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். இல்லையேல் கல்லையும் பொன் விலைக்கே வாங்கியவர்களாவோம். விற்கும்போது, கல்லைக் கழற்றி எடைபோட்டு, அதை நம்மிடமே திருப்பித் தரச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கல் என்று தோன்றினால், வாங்கவும் விற்கவும் ஆர்வமில்லாத பரிசோதனைக் கூடத்திடம் தர வேண்டும். அந்த அறிக்கை கல் இன்னதென்று சொல்லுமே தவிர, விலையைச் சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இலவச மதிப்பீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணமின்றிப் பெறும் சேவை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் வரையறைக்குள் வராது. சிறு தொகையானாலும் செலுத்தி ரசீது பெற்றால்தான் பின்னர் கேள்வி கேட்க முடியும். போலிக் கல்லை அசல் என்று விற்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கியவற்றுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. வழிகாட்ட 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உள்ளது.

திருவொற்றியூர்க் கோயிலின் வட்டப்பாறையம்மனைக் கண்ணகியோடு இணைத்துச் சொல்லும் மரபு எங்கள் ஊரில் உண்டு. பொற்கொல்லனின் சொல்லை நம்பி மன்னன் தவறிய வழக்கில் அவள் வென்றது, சிலம்பை உடைத்து உள்ளே இருந்த மாணிக்கப் பரலைக் காட்டியதால்தான். அட்டிகையைக் கழற்றிப் பார்க்க என் தாயார் முதலில் தயங்கினார். கழற்றிய பிறகு, தராசில் தெரிந்த 3 கிராமை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.