விரல் வலித்தால் வித்தை, மணிக்கட்டு வலித்தால்?

கிடார் வாங்குகிற இளைஞர்கள் இரண்டு வகை. மூன்றாம் மாதம் அதை அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறவர்கள் ஒரு வகை. மூன்றாம் மாதம் மெடிக்கல் ஷாப்பில் எலாஸ்டிக் பாண்டேஜ் வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்காக. (முதல் வகையினர் தயவுசெய்து தூசியாவது தட்டவும்.)

கை வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். 'அப்படித்தான் இருக்கும் தம்பி, வாசிக்க வாசிக்க சரியாப் போயிடும்!' இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆளை ஆஸ்பத்திரியில் கொண்டு போய் விடும். எது எந்தப் பாதி?

விரல் நுனி எரிந்தால், அது நல்ல வலி. இரும்புக் கம்பி மெல்லிய தோலில் அழுந்துகிறது. சில வாரங்களில் தோல் தடித்துக் காய்த்துவிடும். வீணைக்காரர்களின் இடது கை விரல்களைப் பாருங்கள், கம்பி போன தடம் கோடு கோடாகத் தெரியும். அவர்கள் விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வது அந்தக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போகத்தான். காய்ப்பைப் பிய்க்காதீர்கள். குளித்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது வாசிக்காதீர்கள். இந்த வலிக்கு இவ்வளவு போதும்.

மணிக்கட்டு, கட்டைவிரல் அடிப்பகுதி, முன்கை இங்கெல்லாம் வலித்தால்? அது கெட்ட வலி. வாசிக்க வாசிக்கச் சரியாகாது, வளரும்.

காரணம் சுலபம். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை. நம்பிக்கை இல்லையா? இடது முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கும். அதுதான் இன்ஜின் ரூம். அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கம். அதற்குள் 9 தசைநாண்கள், கூடவே ஒரு நரம்பு. சாயங்காலம் ஆறு மணி தாம்பரம் லோக்கல் மாதிரி நெரிசல். அந்த நிலையில் மணிக்கட்டை நன்றாக வளைத்து, பலம் கொடுத்து அமுக்கினால் நசுங்குவது அந்த நரம்புதான். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போவது இதனால்தான்.

இனி, பி.காம். படித்தவன் பாஷையில் ஒரு விஷயம். கைக்கு ஒரே ஒரு கணக்குதான். ஆபீஸுக்குத் தனி அக்கவுண்ட், கிடாருக்குத் தனி அக்கவுண்ட் கிடையாது. காலையில் பைக் கிளட்ச்சை சிக்னலுக்கு சிக்னல் அமுக்குவது இடது கை. பகல் முழுக்கக் கீபோர்டு தட்டுவதும் அதே கை. இரவில் படுத்துக்கொண்டு செல்போன் தேய்ப்பது கட்டைவிரல். எல்லாம் டெபிட். இதற்கு மேல் ராத்திரி பத்து மணிக்கு எஃப் கார்டு பிடித்தால் அது ஓவர்டிராஃப்ட். 'கிடார்தான் சார் காரணம்' என்று டாக்டரிடம் புகார் சொல்கிறவர்கள் கடைசி செலவை மட்டும் பார்க்கிறார்கள்.

சரி, செலவைக் குறைப்பது எப்படி?

முதலில் கிடாரை கவனியுங்கள். கிடாரில் ஆக்‌ஷன் என்றால் சண்டைக் காட்சி அல்ல, கம்பிக்கும் அடியிலுள்ள கட்டைக்கும் நடுவே உள்ள உயரம். 12-வது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தடித்த கம்பியில் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சுகம். 4 என்று காட்டினால் நீங்கள் வாசிக்கவில்லை, எடை தூக்குகிறீர்கள். கிடார் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் இறக்கித் தருவார். அடுத்து கம்பி. வழக்கமான 12 செட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ, ஒரு ஆள் எடை! 10 செட் மாட்டினால் கணிசமாகக் குறையும். அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்தாலும் இளகும்.

'மெல்லிசுக் கம்பி போட்டா கௌரவக் குறைச்சல்' என்கிற வீரர்களுக்கு ஒரு தகவல். பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி இடது கைக்காரர். 1965-ல், 17 வயதில், பர்மிங்ஹாமில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் கம்பியை அமுக்குகிற வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மெல்லிய கம்பி மாட்டினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனமான சத்தம்தான் பிறகு ஹெவி மெட்டல் ஆயிற்று. கையை வாத்தியத்துக்காக வதைக்காமல், வாத்தியத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றினார். அவ்வளவுதான் சூட்சுமம்.

அடுத்தது பிடி. கட்டைவிரலைக் கிடார் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு கார்டு வாசியுங்கள். சத்தம் ஓரளவு வருகிறதா? அப்படியென்றால் இத்தனை நாள் கட்டைவிரல் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பகுதி தண்டச் செலவு. ஃப்ரெட்டுக்கு மிக அருகில், அதன் பின்பக்கம் விரலை வையுங்கள். லேசாகத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போங்கள். சத்தம் சுத்தமாக வருகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம். நம்மூர் வயலின் வித்வான்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் சார்த்திக்கொள்வார்கள். வயலினைத் தாங்குகிற வேலை இடது கைக்குக் கிடையாது. அதனால் அது கமகத்துக்கு ஓடி விளையாடுகிறது. தாங்குகிற வேலையையும் வாசிக்கிற வேலையையும் ஒரே கைக்குக் கொடுக்காதே என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. கிடார்க்காரர்கள் அதற்கு ஒரு பட்டை வாங்கினால் போதும், உட்கார்ந்து வாசிக்கும்போதும் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, நேரம். வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் வெளுத்து வாங்குவது விபத்துக்கு அழைப்பிதழ். தினம் 20 நிமிஷம் போதும். ஏ.சி. ஆபீஸிலிருந்து வந்த கை ஜில்லென்று இருக்கும், சூடாகும்வரை சுலபமான பாட்டாக வாசியுங்கள். கஷ்டமான கார்டை ஐந்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள்.

வலி வந்துவிட்டதா? நிறுத்துங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பது, ஃபயர் அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போவது மாதிரி. சில நாள் ஓய்வு கொடுங்கள். கிளட்ச், கீபோர்டு, செல்போன் கணக்கிலும் கொஞ்சம் வெட்டுங்கள். மரமரப்பு ராத்திரி தூக்கத்தைக் கலைத்தாலோ, டம்ளர் கைநழுவி விழுந்தாலோ, விரல் மடங்கி அப்படியே பூட்டிக்கொண்டாலோ, ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் ஓய்வு, மணிக்கட்டுப் பட்டை, பயிற்சி என்று முடிந்துவிடும்.

கிடார் போனால் இன்னொன்று வாங்கலாம். மாதச் சம்பளமும் சனிக்கிழமை சந்தோஷமும் ஒரே ஜோடிக் கையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கைவலிக்காவது வைத்தியம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் காதுவலிக்கு? கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள்!