ஸ்போர்ட் குவாட் பைக் வாங்கப் போறீங்களா? மாடலுக்கு முன்னால் இடத்தைப் பாருங்க!

மலைவாசஸ்தலங்களிலும் கடற்கரை ரிசார்ட்களிலும் நான்கு சக்கர ‘ஏடிவி’ வண்டியில் பத்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்கும் பலருக்கும் ஒரு நினைப்பு வரும்: “சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?” வீட்டுக்கு வந்து மொபைலில் தேடினால், மணல்மேட்டில் பறக்கும் யமஹா ராப்டர் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆசை இன்னும் கூடிவிடும்.

ஆனால் பைக் வாங்குவதைப் போல ஷோரூமில் சாவி வாங்கி, நேராக வீட்டுக்கு ஓட்டிவரும் வண்டி அல்ல இது. எந்த மாடல், எத்தனை சிசி என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. ‘எங்கே ஓட்டப் போகிறோம்?’ என்பதுதான் முதல் கேள்வி.

ஸ்போர்ட் வகை என்றால் என்ன?

குவாட் பைக்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று யூட்டிலிட்டி. முன்னும் பின்னும் சாமான் வைக்கும் கேரியர், பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை எனத் தோட்ட வேலைக்குத் தோதானது. ரிசார்ட்களில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் இந்த வகையோ அதன் சின்ன வடிவமோதான்.

மற்றொன்று ஸ்போர்ட். எடை குறைவு, உயரமும் குறைவு. பின்சக்கரங்களுக்கு மட்டும், பெரும்பாலும் செயின் வழியாக இழுவை. பெரிய வண்டிகளில் பைக் போலவே கிளட்ச், கால் கியர். ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினால் போதும். இருக்கை ஒருவருக்கு மட்டும். ‘பின்னாடி ஒருத்தர் ஒட்டி உட்கார்ந்துக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட்டுபவர் தன் உடம்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தித்தான் வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் அது நடக்காது.

காரில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் உதவுகிறது. ஸ்போர்ட் குவாடில் அது கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணிலும் மணலிலும் சக்கரம் சறுக்கிக் கொடுப்பதால் வண்டி திரும்பிவிடும். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும். அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும், அல்லது ஒரு பக்கம் தூக்கிக் கவிழும்.

ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. வண்டியின் அமைப்பும் ஒத்துழைக்காது, சட்டமும் அனுமதிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது. ஸ்போர்ட் குவாட்கள் நம் நாட்டில் ‘ஆஃப் ரோடு’ வண்டியாகத்தான் விற்கப்படுகின்றன. ஆர்டிஓ பதிவு இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை.

“ரோட்டுல போகல சார், பீச்சுலதான் ஓட்டுறோம்” என்பது செல்லுபடியாகாது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான். கடற்கரை, ஆற்றுப்படுகை, ஊர்ப் புறம்போக்கு எதுவும் விலக்கல்ல. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை ரூ.5,000 வரை அபராதம். காப்பீடு இல்லாததற்குத் தனி வழக்கு. யார்மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் நம் கையிலிருந்துதான் போகும்.

“ஏடிவிக்கு நம்பர் பிளேட் கிடைக்குதாமே?” என்று சிலர் கேட்பதுண்டு. போலாரிஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்மேன் 570, டிராக்டர் வகை அங்கீகாரத்தோடு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அது யூட்டிலிட்டி வண்டி. அதை வைத்து ஸ்போர்ட் வண்டிக்கும் பதிவு கிடைக்கும் என்று விற்பவர் சொன்னால், ‘எழுத்துல குடுங்க’ என்று கேளுங்கள்.

ஆக மிஞ்சுவது சொந்த நிலம், அல்லது அனுமதியோடு நடத்தப்படும் தனியார் ஆஃப் ரோடு டிராக். சொந்த நிலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2 ஏக்கர் சதுரமான நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 90 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஐந்தரை நொடிகளில் கடந்துவிடலாம். நடுவில் தென்னையும் வரப்பும் இருந்தால் அந்த வேகத்துக்கே போக முடியாது. அந்த இடத்துக்கு 700 சிசி வண்டி என்பது கிணற்றுக்குள் கப்பல் விடுவது மாதிரிதான்.

எத்தனை சிசி?

இடம் முடிவான பிறகுதான் இன்ஜின். யமஹா ராப்டர் 700ஆர் 686 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. எடை சுமார் 190 கிலோ. திறந்த மணல்வெளிக்கும் நீண்ட பாதைக்கும் ஏற்றது. டகார் ராலியின் குவாட் பிரிவில் பல ஆண்டுகள் கோலோச்சியது இந்த ராப்டர்தான்.

அதே நிறுவனத்தின் ஒய்எஃப்இசட்450ஆர் 449 சிசி. ராப்டரைவிட அகலம் அதிகம், நிற்கும் விதமும் தாழ்வு. வளைவும் மேடுபள்ளமும் நிறைந்த மோட்டோகிராஸ் டிராக்குக்காகவே உருவானது. சிசி குறைவு என்பதால் ‘சாது’ என்று நினைத்துவிடக் கூடாது. பந்தயத்துக்கான இன்ஜின் இது, சட்டென்று சீறும்.

புதிதாகக் கற்பவருக்கு ஹோண்டா டிஆர்எக்ஸ்250எக்ஸ் போன்ற 229 சிசி வண்டி போதும். காற்றால் குளிரும் எளிய இன்ஜின். தவறு செய்தாலும் சமாளிக்க அவகாசம் கொடுக்கும். “பெருசா வாங்கிட்டு மெதுவா ஓட்டிக்கலாம்” என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கட்டைவிரல் தானாக அழுத்தும். அந்த நேரத்தில் சக்தி குறைவாக இருப்பதே நல்லது.

பழைய வண்டி என்றால்...

இறக்குமதி வண்டிகள் சுங்கவரியோடு சேர்ந்து விலை எகிறுவதால் பலர் பழையதைத் தேடுகிறார்கள். போகும்போது இவற்றைப் பாருங்கள்:

* இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகம் வரட்டும்.
* ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டரைத் தாண்டி உள்ளே மண் போயிருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும்.
* இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.
* முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை இரு கையாலும் ஆட்டுங்கள். லொடலொடத்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங் போயிருக்கிறது.
* பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம்.
* ஃபிரேமில், குறிப்பாக சஸ்பென்ஷன் ஆர்ம் சேரும் இடத்தில், புதிதாக வெல்டிங் செய்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சுங்க ஆவணத்தோடு, பில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்சி புத்தகம் இல்லாத வண்டிக்கு இந்தக் காகிதம்தான் ஆதாரம். அது இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

“பையன் ரொம்ப ஆசைப்படறான்” என்பதுதான் பல வீடுகளில் காரணம். பெரியவர்களுக்கான வண்டி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே என்று தயாரிப்பாளர்களே வண்டியில் ஒட்டி அனுப்புகிறார்கள். சிறுவர்களுக்குத் தனி அளவு உண்டு. யமஹாவின் ஒய்எஃப்இசட்50 6 வயதுக்கு மேல், ராப்டர் 90 10 வயதுக்கு மேல். அதுவும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

‘வளர்ற பையன்தானே’ என்று சட்டை எடுப்பதுபோல ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடக் கூடாது. கவிழ்ந்தால் அத்தனை எடையும் பிள்ளையின் மேல்தான் விழும். 18 வயது நிரம்பாதவர் வண்டியைப் பொது இடத்துக்குக் கொண்டுபோய்ச் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பட்ஜெட்டில் விட்டுப்போவது

வண்டி விலையோடு ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், மார்புக் கவசம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு சுவிட்ச் அவசியம். டயர் காற்றழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும் என்பதால் பெட்ரோல் பங்க் மீட்டர் சரிவராது. தனி அளவி வேண்டும். நிலத்துக்கு வண்டியை ஏற்றிப்போகும் குட்டியானை வாடகை ஒவ்வொரு முறையும் சேரும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமானால் வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகு, வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவோம் என்று எண்ணிப் பாருங்கள். விரலுக்குள் அடங்கும் எண் என்றால் டிராக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே லாபம். வேலி போட்ட இடமும் பயிற்சியும் பொறுமையும் இருக்கிறது என்றால், 250 சிசியில் ஆரம்பிக்கலாம். ராப்டர் எங்கேயும் ஓடிப்போகாது!