ஆபரேஷனுக்கு முன்னால் வீடியோவில் டாக்டர்



"வீட்டுக்காரர் ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திருக்கிறார், ஒன்னுக்கு சொட்டுச் சொட்டாத்தான் போகுது" என்று குழுக் கூட்டம் முடிந்தபிறகு மெல்லச் சொல்பவர்கள் நம்மில் உண்டு. வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்குவது சகஜம். மாத்திரையில் அடங்காவிட்டால் ஆபரேஷன். அங்கேதான் பயந்து தள்ளிப்போடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் கேட்க வெட்கம். வீடியோவில் பேசினால் நிதானமாகக் கேட்கலாம். அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமாகவே டாக்டரிடம் பேசலாம். ஆபரேஷன் செய்யும் டாக்டரே வீடியோவில் பேசுவாரா என்று விசாரிப்பது இன்னும் நல்லது. அவர் சம்மதித்தால் நாமும் பக்கத்தில் உட்காருவோம். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது நாம்தானே!

மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொள்ளணும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லணும். நாமாக நிறுத்தக்கூடாது.

வழக்கமான முறையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு சில நாள் டியூப் இருக்கும். சில வாரம் சிறுநீர் லேசாகச் சிவந்து போகலாம், பதற வேண்டாம். ஆனால் ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆண்மை போய்விட்டதாகவும் அர்த்தமில்லை. முன்பே தெரியாததால்தான் மனக்கசப்பு. கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவரே படித்துக் கேட்கட்டும்.