கண்ணீரில் உப்பு மிகும்போது

"கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. நீங்களோ கண் உலர்ந்திருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறீர்களே!" என்று புறநோயாளிகள் பிரிவில் பலர் எங்களைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. உடன் வந்த மகனோ மருமகளோ, "பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா மட்டும் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்கிறார்கள்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வதையும் கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் விடை தேடினால், கண்ணீரின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அதில் கரைந்துள்ள உப்பின் செறிவையும் பார்க்க வேண்டும்.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் பரவியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஏறத்தாழ மூன்று பங்கே அதன் தடிப்பு. அடியில் வழுவழுப்பான சளிப்பொருளும், அதன்மேல் உப்புகளும் புரதங்களும் கரைந்த நீரும், எல்லாவற்றுக்கும் மேலே இமை விளிம்புச் சுரப்பிகள் தரும் எண்ணெய்ப்பசையும் அதில் உள்ளன. எண்ணெய்ப்பசை குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிறது; கண்ணீர்ச் சுரப்பி தளர்ந்தால் நீரே குறைவாக வருகிறது. எவ்வாறாயினும் நீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. உப்பளத்துப் பாத்தியில் நிகழ்வதும் இதுதான்.

இந்தச் செறிவை அளக்க முடியும். நலமான கண்ணில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லிஆஸ்மோல். 308 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், இரு கண்களுக்கும் இடையே 8-க்கு மேல் வேறுபாடு இருந்தாலும் உலர்கண் நோய்க்கான அடையாளமாகக் கொள்கிறோம். உணவில் உப்பைக் குறைத்தால் இது சரியாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். இரத்தத்தில் உப்பின் செறிவைச் சிறுநீரகங்கள் குறுகிய வரம்புக்குள் காத்து வருகின்றன. கண்ணில் அது மிகுவது பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பிலேயே நிகழும் மாற்றத்தால். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதைத் தொடருங்கள். அது வேறு கணக்கு.

இனி, அந்த உப்பு நீரில் நனைந்திருக்கும் செல்களைப் பார்ப்போம். மாவடுவில் உப்பைப் போட்டு வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். கருவிழியின் மேற்பரப்புச் செல்களும் அவ்வாறே நீரை இழந்து சுருங்குகின்றன. ஆனால் அவை உயிருள்ளவை, சும்மா இருப்பதில்லை. முதலில் வெளியிலுள்ள சோடியத்தையும் குளோரைடையும் உள்ளே இழுத்து, அவற்றின் பின்னே நீரையும் மீட்கின்றன. ஆயினும் செல்லுக்குள் உப்பு மிகுந்தால் அதன் புரதங்கள் ஒழுங்காக வேலை செய்யா. எனவே சில மணி நேரத்தில், என்.எஃப்.ஏ.டி.5 என்னும் புரதம் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பீட்டைன், டாரைன், இனோசிட்டால் போன்ற தீங்கற்ற பொருள்களைச் செல் சேர்த்துக்கொண்டு, மிகையான உப்பை வெளியேற்றுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியிலுள்ள செல்கள் இந்த ஏற்பாட்டைக் கொண்டே எந்நாளும் வாழ்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எங்களுக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் கருவிழிச் செல்களால் இந்நெருக்கடியை நெடுநாள் தாங்க இயலுவதில்லை. தாங்காதபோது அவை அபாயக் குறிகளை வெளியிடுகின்றன. அவற்றால் அழற்சி தொடங்குகிறது. எம்.எம்.பி.-9 என்னும் நொதி பெருகி, செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கிறது. செல்கள் மடிந்து உதிர்கின்றன; சளிப்பொருள் சுரக்கும் செல்களும் குறைகின்றன. அதனால் கண்ணீர்ப் படலம் இன்னும் விரைவில் உடைகிறது. உப்பு இன்னும் கூடுகிறது. கருவிழியில் செறிந்துள்ள நரம்புகள் இதை உணர்ந்து, உறுத்தலாகவும் எரிச்சலாகவும் மூளைக்கு அறிவிக்கின்றன. அவ்வழைப்புக்கு ஓடிவரும் நீரே கன்னத்தில் வழிவது. அது கண்ணில் நிலையாகத் தங்குவதில்லை. அம்மாவின் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் உண்மையே. சாயத் துளியிட்டு நுண்ணோக்கி விளக்கில் பார்க்கும்போதுதான் உதிர்ந்த இடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

செயற்கைக் கண்ணீர் உப்பை நீர்க்கச் செய்கிறது. டிரெஹலோஸ், கார்னிட்டின் சேர்ந்த சில துளிகள் செல்லின் தற்காப்புக்கும் துணை செய்கின்றன. அழற்சி வேரூன்றியவர்களுக்குச் சைக்ளோஸ்போரின் துளி எழுதுகிறோம். இங்கேதான் எங்களுக்குக் கவலை. அத்துளி தொடக்கத்தில் எரியும்; முழுப் பயனைக் காண்பதற்குச் சில மாதங்கள் ஆகலாம். கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களில் புதுப்பிக்கப்படுகின்றன. எனினும் புதிய செல்லும் அதே உப்பிலும் அழற்சியிலும்தான் பிறக்கிறது. ஆகவே பல சுற்றுகள் கடக்க வேண்டியிருக்கிறது. இதை அறியாமல் இரண்டாம் வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் பலர். அவர்களில் சிலர் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஸ்டீராய்டு துளியை வாங்கிக்கொள்கிறார்கள். அது விரைவில் சுகம் தரும். ஆனால் கண்காணிப்பின்றி நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் உயர்ந்து, வலியே இல்லாமல் பார்வை நரம்பைச் சிதைக்கக்கூடும். அவ்வாறு போன பார்வையை மீட்க எங்களிடம் வழி இல்லை.

இல்லத்தாருக்குச் சில சொற்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராகப் படாதவாறு படுக்கையை மாற்றுங்கள். இரண்டு துளிகள் எழுதியிருந்தால் இடையே ஐந்து நிமிடமாவது விடுங்கள். குப்பியின் நுனி இமையில் படலாகாது. நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்பட்டால், பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேளுங்கள். உறங்கும்போது கண் முழுதும் மூடாமலிருந்தாலும், மூட்டுவலியும் வாய் வறட்சியும் சேர்ந்திருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். பார்வை திடீரெனக் குறைந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க இயலாத அளவு வலித்தாலோ முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். அடுத்த முறை வரும்போது, கடையில் வாங்கியது உட்பட வீட்டிலுள்ள எல்லாத் துளிமருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.