மேகத்தில் ஒரு கணக்குப் புத்தகம்

'மேகம்' என்றதும் நமக்கு மழைதான் ஞாபகம் வரும். ஆனால் இன்று ஜவுளிக்கடைக்காரர் முதல் வங்கி மேலாளர் வரை பேசுகிற மேகம் வேறு. அதுதான் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்னும் மேகக் கணிமை! பரீட்சைக்காக நாம் எல்லோரும் படித்து, எழுதி, மறந்துபோன பாடம். நானும் மறந்துதான் போயிருந்தேன், தொழிற்பயிற்சிக்குப் போகும் வரை.

கோவைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பம்ப்செட் பட்டறை. பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். ஆபீஸ் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பில், ஸ்டாக், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில்தான். நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் அதன் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. "பேக்கப் இருக்குங்களா சார்?" என்று கேட்டேன். முதலாளி மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். நான்கு மாதம் பழசு! அந்த நான்கு மாத பில்களையும் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி டைப் அடித்தோம். பதினோரு நாள் ஆயிற்று. சில பில்கள் கிடைக்கவே இல்லை. யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அதோடு போயிற்று.

கடைசி நாள் முதலாளி கேட்டார்: "ஏந்தம்பி, கிளவுடு கிளவுடுங்கறாங்களே, அதுல போட்டு வெச்சிருந்தா தப்பிச்சிருப்போமா? அப்படின்னா எந்தக் கிளவுடுல போடறது?"

கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற எனக்கு பதில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

மேகம் எங்கே இருக்கிறது?

நிச்சயமாக வானத்தில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், ஏ.சி. போட்ட கட்டிடத்தில், அடுக்கடுக்காக நிற்கும் கம்ப்யூட்டர்கள்தான் மேகம். அவற்றை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்காமல், ஈ.பி. லைன் இழுத்து, ஓடிய யூனிட்டுக்குக் காசு கட்டுகிறோமே, அதே மாதிரிதான். அமேசான் 2006-ல் இந்த வாடகை வியாபாரத்தைத் தொடங்கியது. இந்தியாவில் மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இதற்கான மையங்களைத் திறந்தன.

நான்கு வகை மேகங்கள்

அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான 'நிஸ்ட்' 2011-ல் மேகங்களை நான்காக வகைப்படுத்தியது. பயணத்தோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும்.

1. பொது மேகம்: இது டவுன் பஸ். யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறலாம். பஸ் ரிப்பேர் நம் கவலை இல்லை. ஆனால் ரூட்டை நாம் மாற்ற முடியாது.

2. தனி மேகம்: இது சொந்தக் கார். ஒரே நிறுவனத்துக்கென்று அமைப்பது. கட்டுப்பாடு நம் கையில், செலவும் நம் தலையில்.

3. சமூக மேகம்: நாலைந்து மில்கள் சேர்ந்து தங்கள் தொழிலாளர்களுக்கு மட்டும் விடும் பஸ். ஒரே மாதிரித் தேவை உள்ளவர்கள் பகிர்ந்துகொள்வது. நம் நாட்டில் அரசுத் துறைகளுக்கென்றே உள்ள 'மேகராஜ்' இதற்கு நெருங்கிய உதாரணம்.

4. கலப்பு மேகம்: ஸ்டேஷன் வரை சொந்த பைக், அங்கிருந்து ரயில். ரகசியக் கணக்குகள் தனி மேகத்தில் இருக்கும். தீபாவளி சமயத்தில் கூட்டம் குவியும் வெப்சைட் பொது மேகத்தில் ஓடும்.

இந்தியாவில் நடக்கும் பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் உத்தரவிட்டது. ஆகவே 'எந்த வகை மேகம்?' என்பதோடு 'எந்த ஊர் மேகம்?' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

யார் எதற்குப் பொறுப்பு?

மேகத்தில் நமக்குக் கிடைக்கும் சேவை மூன்று விதம். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பது 'ஐயாஸ்'. இயந்திரம் அவர்களுடையது, ஆபரேட்டிங் சிஸ்டம் முதல் எல்லாம் நம் பொறுப்பு. மண்டபத்தோடு அடுப்பு, பாத்திரம், ஆட்களும் கிடைத்தால் 'பாஸ்'. நம் புரோகிராமையும் தகவலையும் கொண்டுபோனால் போதும். இலை போட்டதும் உட்கார்ந்து சாப்பிடுவது 'சாஸ்'. ஜிமெயில் போல, புரோகிராமே தயாராக இருக்கும்.

மூன்றிலும் நம்மை விட்டுப் போகாத பொறுப்பு ஒன்று உண்டு. தகவல் நம்முடையது, பாஸ்வேர்டு நம்முடையது. யாரை உள்ளே விடுவது என்பதும் நம் வேலைதான்.

மேகம் கலையுமா?

கலையும்! 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் தகவல்களை நிரந்தரமாக இழந்தார்கள்.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிறுவனம் கூகுளிடம் வைத்திருந்த தனி மேகம் ஓர் அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

முதலாளிக்குப் பதில்

இவ்வளவும் படித்த பிறகு அவருக்குப் போன் செய்தேன். "சார், பதினைந்து பேர் பட்டறைக்குச் சொந்தக் காரு, அதாவது தனி மேகம், தேவையில்லீங்க. பொது மேகத்துல ஓடற கணக்கு சாப்ட்வேரை மாச வாடகைக்கு எடுத்தாப் போதும். நெட் இல்லாதப்ப என்ன பண்றதுன்னு மட்டும் யோசிச்சுக்குங்க. விட்டுப் போறப்ப என் கணக்கை எப்படித் திருப்பித் தருவீங்கன்னு முதல்லயே கேட்டுக்குங்க. பாஸ்வேர்டு உங்க பேர்ல இருக்கட்டும், செல்போனுக்கு ஓ.டி.பி. வர்ற மாதிரியும் பண்ணிக்குங்க."

"அப்ப அந்தப் பென் டிரைவைத் தூக்கிப் போட்டுடலாமா தம்பி?"

"வேண்டாங்க சார். வாரா வாரம் அதுல ஒரு காப்பி எடுங்க. ஆனா டிராயர்ல வெக்காம வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா அது திறக்குதான்னும் பாத்துருங்க."

நண்பர்களே! நாளை நாம் வேலைக்குப் போகும் இடங்களில் இதே கேள்வியை நம்மிடம் கேட்பார்கள். வகைகளை ஒப்பிப்பது மட்டும் பதிலாகாது. எது கெட்டால் யார் பொறுப்பு, அன்றைக்குக் கையில் என்ன மிஞ்சும் என்று சொல்லத் தெரிந்தால்தான் நம் டிப்ளமோவுக்கு மரியாதை!